பாலாடை பிடிப்பது அவிசுவாசமா?



இது சாட்சி என்று சொன்னால் சாட்சி. ஆனால் சாட்சியில் நாம் வழக்கமாக ஜெயித்த கதையைத்தான் சொல்லுவோம். நான் முதலில் தோற்ற கதையைச் சொல்லப் போகிறேன். அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. பல வருஷமாக அது என்னை விடவில்லை. அற்புதத்திற்காகக் காத்திருக்கிற ஒரு விசுவாசி, கையில் ஒரு பாலாடையை எடுத்தால் அது அவிசுவாசமா?

2017ஆம் வருஷம் அக்டோபர் கடைசியில் என் மகளுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. 2.8 கிலோ. நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது முகத்தை மட்டும் மூடியிருந்தார்கள். நான் துணியை விலக்கினேன். மேல் உதடு ஒரு பக்கம் மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. பிள்ளை அழுதபோது உள்ளே மேல் அண்ணமும் பிளந்திருப்பது தெரிந்தது. நான் திரும்பவும் துணியை மூடிவிட்டேன். அந்த ஒரு செயலுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மூன்றாம் நாளே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதற்கு முன்னே கிளம்பிவிட வேண்டும் என்கிற அவசரம் எங்களுக்குத்தான். பிள்ளைக்குப் பால் எப்படிக் கொடுப்பது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் நின்று கேட்கவில்லை.

தெருவில் உடனே பேச்சு வந்துவிட்டது. "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்திருப்பா. இல்லன்னா அரிவாமணையில காய் வெட்டியிருப்பா" என்றார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 7ஆம் தேதி ராத்திரி சந்திர கிரகணம் வந்தது உண்மைதான். நான் அவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். நாம் விசுவாசிகள், கிரகணத்துக்குப் பயப்படுகிறவர்கள் அல்லவே!

ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது என்ன தெரியுமா? "ஏட்டி, நீ ஏதாவது மறைச்சு வச்சிருக்கியா? இருந்தா அறிக்கை பண்ணிரு. கர்த்தர் பிள்ளையைச் சுகப்படுத்துவார்."

அவள் ஒன்றும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிரியமானவர்களே, தெருக்காரர்கள் கேட்டதும் நான் கேட்டதும் ஒரே கேள்விதான். அவர்கள் கிரகணம் என்றார்கள், நான் பாவம் என்றேன். இரண்டு பேரும் தாயைத்தான் கூண்டில் ஏற்றினோம்.

மறுநாள் நான் மூன்று நாள் உபவாசம் என்று அறிவித்தேன். உதடு கூடும்வரைக்கும் முழங்காலிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னேன். மகளும் குற்ற மனசாட்சியில் சாப்பாட்டைத் தொடவில்லை. பச்சை உடம்புக்காரி! பிள்ளையை மார்பில் போட்டால் அது வாயைத் திறந்து தேடும், சப்பும், கொஞ்ச நேரத்தில் களைத்துத் தூங்கிவிடும். குடித்துவிட்டது என்று நினைத்தோம். பாட்டிலில் கொடுத்தால் பாதி மூக்கு வழியாக வந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டோம். பிள்ளை அழுகை குறைந்தபோது, "பாத்தியா, சமாதானமாயிட்டு" என்று சொன்னவளும் நான்தான்.

ஆறாம் நாள் காலையில் பாஸ்டரம்மா ஜெபிக்க வந்தார்கள். பிள்ளையை மடியில் வாங்கினார்கள். துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். "எப்போ ஒண்ணுக்குப் போச்சு?" என்றார்கள். என் மகள் யோசித்தாள். முந்தின நாள் ராத்திரிக்கு முன்னே என்றாள். பாஸ்டரம்மா ஜெபத்தை ஆரம்பிக்கவே இல்லை. "அக்கா, ஆட்டோவைக் கூப்பிடுங்க. ஜெபத்தைப் போற வழியில பண்ணிக்கிடலாம்" என்றார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் எடை போட்டார்கள். 2.35 கிலோ. அங்கே இருந்த மூத்த சிஸ்டர் என்னைப் பார்த்து, "பிறந்த பிள்ளை முதல் சில நாளில கொஞ்சம் எடை குறையும், பாட்டிம்மா. பத்துல ஒரு பங்கு வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம். இந்தப் பிள்ளைக்கு அது 280 கிராம். இங்க 450 கிராம் போயிருக்கு. இது நோயில்ல, பட்டினி" என்றார்கள்.

பட்டினி. அந்த வார்த்தை என்னைக் குத்திப் போட்டது. மூன்று நாளாக நான் உபவாசம் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது உபவாசம். ஒன்றும் அறியாத அந்தப் பிள்ளைக்கு அது பட்டினி.

அந்த சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. என் மகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஓட்டை விழுந்த ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிச்சிருக்கியாம்மா? எவ்வளவு இழுத்தாலும் வராது, காத்துதான் வரும். உன் பிள்ளைக்கும் அப்படித்தான். அண்ணத்துல வழி இருக்கறதால இழுக்க முடியாது. ஆனா விழுங்க நல்லாத் தெரியும். நீ வாயில கொண்டுபோய்க் கொடுத்தா அவ குடிச்சுக்கிடுவா. உன் பால்லயும் குறையில்ல, உன்கிட்டயும் குறையில்ல." என் மகள் பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

பிறகு சிஸ்டர் அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தார்கள். நான் பார்த்ததும் திகைத்துவிட்டேன். பாலாடை! என் அம்மா எனக்கு மருந்து புகட்டின அதே பாலாடை. பித்தளைக்குப் பதில் எவர்சில்வர், அவ்வளவுதான். நாம் பழசு என்று பரணில் போட்ட அந்தச் சின்னக் கிண்ணத்தை, நம் தமிழ்ப் பெயரிலேயே, இந்தியா முழுக்கப் பச்சைக் குழந்தைகள் வார்டுகளில் வைத்திருக்கிறார்கள். ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலும் பாலாடை என்றே எழுதுகிறார்களாம்.

அவர்கள் சொல்லித் தந்ததை இங்கே எழுதுகிறேன். நம் சபையில் யார் வீட்டுக்காவது தேவைப்படலாம். ஏறக்குறைய 700 பிள்ளைகளில் ஒரு பிள்ளை இப்படிப் பிறக்கிறது. இது அபூர்வம் அல்ல.

உதடு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாயிடமே குடித்துவிடும். பிளவு இருக்கிற பக்கத்தை மார்பு அணைத்து மூடிக்கொள்ளும்படி பிடித்தால் போதும். அண்ணமும் பிளந்திருந்தால் தாய்ப்பாலைக் கையால் பிழிந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே, ராத்திரியும் சேர்த்து, எட்டுத் தடவையாவது பிழிந்தால்தான் பால் வற்றாது. சீம்பாலைக் கொட்டவே கூடாது. சீனித் தண்ணீர், தேன் இவைகளைக் கொடுக்கவே கூடாது.

பிள்ளையைப் படுக்க வைத்துப் புகட்டக் கூடாது. மடியில் நிமிர்த்தி உட்கார்த்தி வைத்து, தலையையும் கழுத்தையும் ஒரு கையால் தாங்க வேண்டும். பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டின் ஓரத்தில், பிளவு இல்லாத பக்கமாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்க வேண்டும். விழுங்கின பிறகுதான் அடுத்த வாய். அவசரப்பட்டு ஊற்றினால் புரை ஏறும். மூக்கில் கொஞ்சம் பால் வந்தால் பயப்பட வேண்டாம். நிறுத்தி, துடைத்து, மூச்சு வாங்கவிட்டுத் தொடரலாம். காற்றும் சேர்ந்து விழுங்குவதால் இடையிலே இரண்டு, மூன்று தடவை தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் பிள்ளை குடிக்கிற பலத்தைக் குடிப்பதிலேயே செலவழித்துவிடும். பாலாடையை ஒவ்வொரு தடவையும் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும். சில இடங்களில் மெதுவாகப் பிதுக்கிக் கொடுக்கிற மெல்லிய பாட்டிலும் தருகிறார்கள். எதுவானாலும் முதலில் நர்ஸ் முன்னால் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

அளவும் உண்டு. முதல் வாரம் முடிகையில் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 மில்லி பால். எங்கள் பிள்ளைக்கு அது 350 மில்லி. பத்துத் தடவையாகப் பிரித்தால் தடவைக்கு 35 மில்லி. ஒரு நாளில் ஆறு துணியாவது நனைய வேண்டும். வாராவாரம் எடை பார்க்க வேண்டும், நாளுக்கு 20லிருந்து 30 கிராம் ஏற வேண்டும். துணி நனையவில்லை, பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கிறது, பால் குடிக்கையில் நீலம் பாய்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நாலு நாள் வார்டில் இருந்தோம். பதினெட்டாம் நாள் பிள்ளை பிறந்த எடைக்குத் திரும்பியது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

ஊர் திரும்பினபோது ஒரு மூத்த விசுவாசி என்னிடம் அன்பாகத்தான் கேட்டார். "அக்கா, கர்த்தர் அற்புதம் செய்வார்னு காத்திருந்தீங்க. பாதியில மனுஷ உதவிக்குப் போயிட்டீங்களே?" அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வாரத்துக்கு முன்னே நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஜெபத்தினால் நான் பெற்ற நன்மைகள் ஏராளம். அந்த வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை நிமிர்த்தி உட்கார வைத்ததும் ஜெபம்தான். ஜெபத்தை நான் அற்பமாகப் பேசவில்லை.

ஆனால் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். என் பசியைக் கொண்டு நான் விசுவாசத்தைக் காட்டலாம். என் வலியைப் பொறுத்துக்கொண்டு காட்டலாம். அது நான் சம்மதித்துச் செலுத்துகிற பலி. பேசத் தெரியாத ஒரு பிள்ளையின் வயிற்றைக் கொண்டு என் விசுவாசத்தைக் காட்ட எனக்கு என்ன உரிமை? அந்தப் பிள்ளை சம்மதித்ததா? அற்புதம் தாமதித்தால் அதன் விலையைக் கொடுப்பது நானா, அதுவா? அடுத்தவன் பையிலிருந்து காணிக்கை எடுத்துப் போடுகிறவனை நாம் தாராள மனசுக்காரன் என்று சொல்ல மாட்டோமே.

வேதத்தில் யோவான் 9ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பிறவிக் குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்டது, பாவம் அவனுடையதா, பெற்றவர்களுடையதா என்பதுதான். ஆண்டவர் அந்த இரண்டையுமே மறுத்துவிட்டார். மறுத்த கையோடு தரையில் குனிந்து சேறு உண்டாக்கினார். கை அழுக்காகிற வேலை அது. யவீரு மகளின் கதையையும் பாருங்கள். மரித்த பிள்ளையை உயிரோடு எழுப்பினார். அந்த வீட்டில் எல்லாரும் பிரமித்து நிற்கிறார்கள். ஆண்டவர் அடுத்து என்ன சொன்னார்? பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி சொன்னார். மரணத்தை ஜெயித்தவருக்கு அந்தச் சிறு பெண்ணின் பசி ஞாபகம் இருந்தது. ஊட்டுகிற வேலையை அவர் அற்புதத்தோடு சேர்த்து முடித்துவிடாமல், பெற்றவர்கள் கையில் கொடுத்தார். இதை நான் எத்தனை தடவை வாசித்திருக்கிறேன்! அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எப்போதும் தாண்டிப் போய்விட்டேன்.

ஏன் இப்படிப் பிறந்தது என்று கேட்பதே தப்பா? தப்பில்லை. டாக்டர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டுக் கண்டுபிடித்ததையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பத்தில் பிள்ளையின் உதடு கூடுவது நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். மேல் அண்ணம் கூடுவது ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள். என் மகளின் கணக்குப்படி ஏப்ரல் முடியும் முன்னே அது நடந்து முடிந்துவிட்டது. கிரகணம் வந்தது ஆகஸ்டில், அவள் ஏழு மாதமாயிருந்தபோது. கதவு அடைத்து நாலு மாதம் கழித்து வந்த ஆள்மேல் திருட்டுப் பழியைப் போட்ட கதைதான்! பரம்பரைக் கூறுகளும் வேறு பல காரியங்களும் சேர்ந்து இது உண்டாகிறது என்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்னமே இருக்கிற சர்க்கரை நோய், புகைப்பழக்கம், வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகள் இவை ஆபத்தைக் கூட்டலாம். ஆகையால் மாத்திரை சாப்பிடுகிற சகோதரிகள், தாங்களாக நிறுத்தாமல், பிள்ளைக்கு ஆயத்தமாகும் முன்னே டாக்டரிடம் பேசுவது நல்லது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளில் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை.

அடுத்த பிள்ளைக்கு உதவும் என்று கேட்கிற 'ஏன்' நல்லது. தாயைக் குற்றவாளியாக்குகிற 'ஏன்' வேறு. அதற்குப் பதில் கிடைத்தாலும் பிள்ளையின் வயிற்றில் ஒரு சொட்டு இறங்காது. இங்கிலாந்தில் மாண்டி ஹேபர்மன் என்று ஒரு தாய். 1980ஆம் வருஷம் அவருக்குப் பிறந்த மகளால் உறிஞ்சிக் குடிக்க முடியவில்லை. எப்படி ஊட்டுவது என்கிற கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு புதுவிதமான பால் பாட்டிலையே உண்டாக்கினார். அது பல தேசங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவி வருகிறது. அவரிடம் நம் பாலாடை இல்லை. நம் பரணில் பாலாடை இருந்தது, நம்மிடம் அந்தக் கேள்விதான் இல்லை.

எங்கள் வீட்டில் அதன் பிறகு நாளுக்கு எட்டு, பத்துத் தடவை பாலாடை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் என் முறை. முதல் ஆபரேஷன் வரைக்கும் ஆயிரம் தடவைக்கு மேல் வரும். நாம் ஆயிரம் ஸ்தோத்திர பலி செலுத்துகிறோமே, நான் வாயில் ஸ்தோத்திரமும் கையில் பாலாடையுமாகச் செலுத்தினேன். இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை.

ஆபரேஷன் டாக்டர் கணக்குச் சொன்னார். பிள்ளைக்குப் பத்து வாரம் ஆக வேண்டும், பத்துப் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4.5 கிலோ எடை வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம் வேண்டும். அப்போதுதான் மயக்க மருந்து தாங்கும். அந்தப் பத்துப் பவுண்டை எந்த டாக்டராலும் ஊசியில் ஏற்ற முடியாது. அது வீட்டில், மடியில், சொட்டுச் சொட்டாக ஏற வேண்டியது. 2018 மார்ச்சில் உதட்டைச் சேர்த்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் அண்ணத்தைச் சேர்த்தார்கள். பணத்துக்குப் பயந்து பிள்ளையை வீட்டிலே வைத்திருக்க வேண்டாம். 2013ஆம் வருஷம் மத்திய அரசு தொடங்கின ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்கிற திட்டத்தில் இந்தப் பிறவிக் குறையும் சேர்ந்திருக்கிறது. சிகிச்சை இலவசம். அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

உதடு தானாகக் கூட வேண்டும் என்று ஜெபித்தேன். கூடவில்லை. டாக்டர் கையின் நூலால் கூடியது. ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் சாட்சி சொல்லவும் எனக்கு மனதில்லை. பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உதட்டுக்கு மேலே சின்னத் தழும்பு உண்டு. சில எழுத்துக்கள் மூக்கிலே வரும், பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனோம். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்ல முதலில் ஓடுகிறவள் அவள்தான்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டால், துணியை மூடாதீர்கள். பிள்ளையின் பேரைக் கேளுங்கள், அழகாயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். தாய்க்குச் சோறு கொண்டுபோங்கள். "பிள்ளை பால் குடிச்சுதா, எடை பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். ராத்திரி ஒரு முறைக்குக் கை மாற்றுங்கள். அந்தப் பாலாடையைப் பிடித்துக்கொண்டே நன்றாய் ஜெபியுங்கள்.

என் மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா" என்றாள். அவள் மன்னித்துவிட்டாள். ஆனால் அந்த ராத்திரி அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. நீங்கள் யாரும் அப்படி ஒரு ராத்திரியைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதினேன்.

கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.

உங்கள் சபையின் மூத்த சகோதரி, ஒரு ஆச்சி